ஒன்பதடி நாலங்குலம்

பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
அடிக்குறிப்பு இருந்தால் நாற்பது.
போர்டில் அந்த இரண்டாவது வரி
அவர் ஒருவருக்காக எழுதியது.
மயிலாடுதுறையில் வேறு யாரும்
என் கடைக்கு அடிக்குறிப்போடு வந்ததில்லை.

கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
வட்டாட்சியருக்கு மனு,
நடுவில் அவருடைய மஞ்சப்பை.
உள்ளே ஓர் ஆற்றின் நீர்மட்டம்
அடி அங்குலக் கணக்கில்,
நூறு வருஷத்துக்கு முந்தையது.

பணி ஓய்வு விழாவுக்கு
அவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம் கல்லூரிக்கு.
முனைவர் சோ. அபயாம்பாள் என்று அடித்தேன்.
"முனைவரை எடுத்துடுங்க."
எடுத்தேன்.
அறிவியல் வரலாற்றாளர் என்று அடித்தேன்.
சிரித்துவிட்டார்.
இது வரலாறு என்று இயற்பியல் துறை திருப்பி அனுப்பியதாம்,
இது இயற்பியல் என்று வரலாற்றுத் துறை.
சேர்த்துக்கொண்டது கணக்குத் துறை.
முப்பத்தோரு வருஷம் வகைநுண்கணிதம்.
சனிக்கிழமை மட்டும் தஞ்சாவூர் பாசஞ்சர்,
பொதுப்பணித்துறைக் கிடங்கில்
கரையான் விட்டுவைத்த பதிவேடுகள்.

"சாதனைகள்" என்று தலைப்புப் போட்டேன்.
அதன் கீழே வெகுநேரம்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

வெட்டாற்று மதகில் உத்திராபதி என்று ஒரு லஸ்கர்.
காலை ஆறு மணி, மாலை ஆறு மணி
கோலைப் பார்த்து மட்டம் எழுத வேண்டும்.
ஓர் ஐப்பசியில் பதினொரு நாள்
ஒன்பதடி நாலங்குலம்
ஒன்பதடி நாலங்குலம்
ஒன்பதடி நாலங்குலம்.
அடைமழையில் எந்த ஆறுங்க
அசையாம நிக்கும், என்றார்.

அந்த எண்ணை நம்பி ஒரு துரை சூத்திரம் போட்டார்.
சூத்திரத்தை நம்பி வடிகால் வெட்டினார்கள்.
வடிகால் போதாமல்
கடைமடையில் நாலு ஊர் வருஷா வருஷம் முங்கும்.
நாலில் ஒன்று அவர் ஊர்.
இதை அடிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

லஸ்கர் வீட்டில் படுத்துக்கொண்டு
எண்ணை இட்டுக்கட்டினார் என்று
பத்தொன்பது பக்கம் எழுதினாராம்.
பரிசு கொடுத்தார்கள்.
கருத்தரங்குகளில் அந்த இடம் வந்ததும்
அரங்கம் சிரிக்குமாம். அவரும்.

ஆறு வருஷம் கழித்து
வேறொரு கட்டில், சுங்க ரசீதுகளுக்கு நடுவே
ஒரு மனு.
எழுதியவர் கையெழுத்து வேறு,
அடியில் கட்டைவிரல் ரேகை.
உத்திராபதிக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது.
*கோல் தலைமாட்டில் ஒடிந்துபோனது.
ஒன்பதடி நாலங்குலத்துக்கு மேல் கோல் இல்லை.
தண்ணீர் அதற்கும் மேலே போகிறது.
எசமான் என்ன எழுதச் சொல்கிறீர்கள்.*
ஓரத்தில் சிவப்பு மசியில் ஒரு சுருக்கொப்பம்,
"பார்த்தேன்."

திருத்தம் அனுப்பினார்.
ஆய்விதழின் கடைசிப் பக்கத்தில்
சந்தா விவரத்துக்குக் கீழே
நாலு வரி, பொடி எழுத்தில்.
கட்டுரையை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.
அந்த நாலு வரியை யாரும் இல்லை.

"சாதனைகள்ல அதை மட்டும் போடுங்க."
போட்டேன்.
பக்கத்தில் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தது.
"முப்பது குடுத்தா போதுமா?
இதுல அடிக்குறிப்பு இல்லையே."

விழா பிளக்ஸும் என் கடையில்தான்.
கல்லூரி கொடுத்த வாசகம்:
அறிவியல் செம்மல், பரிசு, பரிசு வாங்கிய வருஷம்.
பின்னணியில் தாமரை கேட்டார்கள்.
வைத்தேன், என்ன செய்ய.

இப்போது மனு அடிக்க வருகிறவர்களுக்கு
ஒரு நகல் கூடுதலாக எடுத்து
தேதி போட்டு பீரோவில் வைக்கிறேன்.
எதுக்கு என்று கேட்பார்கள்.
அதற்குக் காசு இல்லை என்று மட்டும் சொல்வேன்.